எண்பத்தேழு மார்க்குக்கு இடமில்லை

அலெக்ஸாண்ட்ரியா, இப்ராஹீமியா
செவ்வாய்க்கிழமை, காலை, மழை

அன்புத் தங்கை தஹானிக்கு,

உன் அண்ணன் ஃபிக்ரி எழுதும் மடல். நான் இங்கே நலம். அதாவது முழங்கால், ரத்த அழுத்தம், மேல்மாடி வீட்டில் ஒழுகும் குழாய் ஆகிய மூன்றையும் கழித்துவிட்டுப் பார்த்தால் நலம். டான்டாவில் நீயும் மச்சான் ஹாஜ் மஹ்ரூஸும் சுகமாக இருக்க வேண்டும் என்றும், மச்சானுடைய சர்க்கரையும் உன்னுடைய குரலும் கொஞ்சம் இறங்க வேண்டும் என்றும் இறைவனை வேண்டுகிறேன்.

பொருள்: உன் நாத்தனார் மதாம் இப்திஹாலைப் பெண் பார்க்கப் போய், அவர் வீட்டில் வாத்து சாப்பிட்டுவிட்டு நான் பதில் சொல்லாமல் வந்தது பற்றி நீ கேட்ட விளக்கம், அத்துடன், எனக்கு இழைக்கப்பட்ட பெரும் அநீதி.

பார்வை: உன் பதினோரு நிமிடக் குரல் செய்தி, ஞாயிற்றுக்கிழமை.

இப்படிப் பொருள், பார்வை போடாவிட்டால் எனக்குக் கை ஓடாது, மன்னித்துக்கொள். ஃபோன் இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பாய். ஃபோனில் நான் தொடங்கும் வாக்கியத்தை நீ முடித்துவிடுகிறாய். கடிதத்தில் உனக்கு அந்த வசதி கிடையாது. உன் குரல் செய்தியை இரண்டு முறை கேட்டேன். “அண்ணா, நீ மனுஷனா? ரெண்டு வாத்துக் கால், ஒரு தட்டு முலூகிய்யாக் கீரை, மூணு தடவை சோறு, எல்லாத்தையும் வழிச்சுத் தின்னுட்டு ‘சொல்லி அனுப்பறேன்’னு வந்துட்ட. மூணு வாரம் ஆச்சு. இப்திஹால் மாடிப்படில என்னைப் பாக்கறப்பல்லாம் ‘உங்க அண்ணன் நல்லா இருக்காரா’ன்னு கேக்கறா. அவ மூஞ்சிய நான் எப்படிப் பாக்கறது? அவகிட்ட என்னதான் குறை? ஒரே ஒரு குறை சொல்லு, நான் வாய மூடிக்கறேன்!” என்று சொல்லியிருக்கிறாய். அந்தக் கேள்விக்கு நான் பிறகு வருகிறேன். முதலில் எனக்கு நடந்ததைக் கேள். கேட்டால் உன் நாத்தனாரை மறந்துவிட்டு எனக்காகக் கண்ணீர் விடுவாய்.

நான் வேலை பார்த்த இடம் உனக்குத் தெரியும். ஆனாலும் இந்த வழக்குக்கு அதுதான் அடிப்படை என்பதால் திரும்பச் சொல்கிறேன். கல்லூரிச் சேர்க்கை அலுவலகத்தில் முப்பத்தேழு வருடம். ஒவ்வொரு ஆகஸ்டிலும் நாட்டில் பள்ளி முடித்த பிள்ளைகள் அத்தனை பேருடைய படிவமும் எங்கள் மேஜைக்கு வரும். மார்க்கைப் பார்ப்போம், கட்-ஆஃபைப் பார்ப்போம், இடத்தைக் கொடுப்போம். முகத்தைப் பார்க்க மாட்டோம். பெரிய இடத்துப் பேரனாக இருந்தாலும் சரி, வேர்க்கடலை வண்டிக்காரர் மகளாக இருந்தாலும் சரி, அரை மார்க் குறைந்தால் மருத்துவம் கிடையாது, பல் மருத்துவத்துக்குப் போ. மார்க்கில் சந்தேகம் வந்தால் மறுகூட்டல் மனு, அதில் ஸ்டாம்ப், அதற்கு எழுத்தில் பதில். அழுகை, அம்மாவின் மயக்கம், அப்பாவின் சத்தம் எல்லாம் கீழே படிக்கட்டோடு சரி. உலகத்தில் இதைவிட நியாயமான ஏற்பாடு கிடையாது என்று நம்பி ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது, கல்யாண விஷயத்தில் மட்டும் மனிதர்கள் எந்த அலுவலகமும் இல்லாமல், கட்-ஆஃபும் இல்லாமல், மனம் போன போக்கில் நடந்துகொள்கிறார்கள் என்று.

எல்லாவற்றுக்கும் காரணம் உன் மகள் ரவான். இங்கே பல்கலைக்கழகத்துக்கு வந்தவள், படித்தோமா, வெள்ளிக்கிழமை மாமா வீட்டில் மீன் சாப்பிட்டோமா என்று இருக்க வேண்டாமா? செப்டம்பரில் ஒருநாள் என் ஃபோனைப் பிடுங்கிக்கொண்டாள். “மாமா, இஹ்ஸான் அத்தை போய் எட்டு வருஷம் ஆச்சு. நீங்க டிவியோட பேச ஆரம்பிச்சுட்டீங்க. போன வாரம் அது பதில் சொல்லலன்னு கோவிச்சுக்கிட்டு வேற அணைச்சுட்டீங்க” என்று சொல்லி, துணை தேடுகிறவர்களுக்கான ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். பால்கனியில் என்னை நிற்க வைத்து, வயிற்றை உள்ளே இழுக்கச் சொன்னாள். இழுத்து முடிப்பதற்குள் படம் எடுத்துவிட்டாள். அந்த ஆப்பில் விஷயம் எளிது. ஒருவர் படத்தை வலப்பக்கம் தள்ளினால் பிடித்திருக்கிறது, இடப்பக்கம் தள்ளினால் வேண்டாம். இரண்டு பேரும் வலப்பக்கம் தள்ளினால்தான் பேச முடியும். முதல் நாள் மாலை, தேநீர் ஆறுவதற்குள் நூற்றுப் பன்னிரண்டு பெண்களை இடப்பக்கம் தள்ளினேன். ஒருத்திக்குப் புருவம் சரியில்லை. ஒருத்தி பூனையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒருத்திக்கு என் பழைய மேலதிகாரியுடைய மனைவியின் பெயர். ஒருத்தியிடம் குறையே இல்லை, ஆனால் அதற்குள் கை அந்தப் பக்கம் போய்ப் பழகிவிட்டது. வலப்பக்கம் தள்ளியது ஏழே ஏழு பேரை. அந்த ஏழில் ஆறு பேர் என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை, தஹானி! ஒரு மனிதனை, அவன் குணம் என்ன, பென்ஷன் என்ன என்று விசாரிக்காமல், வயிறு பாதி இழுத்த ஒரு படத்தை வைத்தா முடிவு செய்வது? இதென்ன அக்கிரமம் என்று ரவானிடம் கத்தினேன். அவள் என்னையும் ஃபோனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தேநீர் போடப் போனாள்.

ஏழாவது ஆள் மதாம் தவ்லத். ஐம்பத்தைந்து வயது, கணவரை இழந்தவர், பொத்தானும் நூலும் விற்கும் சின்னக் கடை வைத்திருக்கிறார். என் வீட்டிலிருந்து நானூறு மீட்டர் தூரம் என்று ஆப் சொன்னது. எட்டு வருடமாக அவர் பால்கனிக்குக் கீழேதான் தினமும் ரொட்டி வாங்கப் போகிறேன், ஒருநாள் மேலே பார்த்ததில்லை. நேரில் பார்த்ததும் எனக்கு ஆகிவிட்டது. என்ன ஆயிற்று என்று கேட்காதே. அறுபத்தொரு வயதில் அதையெல்லாம் தங்கைக்கு எழுதுவது அழகில்லை. அவர் சிரிக்கும்போது முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி தெரியும். அதைப் பார்ப்பதற்காகவே பழைய வார இதழ்களிலிருந்து ஜோக்குகளை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். இதற்கு மேல் எழுத மாட்டேன்.

முதலில் நான்கு முறை சந்தித்தோம். முதல் முறை கடற்கரைச் சாலையில் தேநீர். இரண்டாம் முறை அரிசிப் பாயசம், அதன் மேல் ஐஸ்கிரீம், சர்க்கரை இருக்கிறது என்று அவர் தன் பங்கில் பாதியை எனக்குத் தள்ளினார், இதை நான் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டேன். மூன்றாம் முறை அவர் வீட்டுக்குக் கேஸ் சிலிண்டரை நானே மூன்று மாடி தூக்கினேன். ஊர் வாய்க்கு இடம் கொடுக்கக் கூடாதே என்று வாசற்காவலர் பின்னாலேயே வந்தார், ஆனால் ஒரு கை கொடுக்கவில்லை. இரண்டாம் மாடியில் சிலிண்டர் என் கையை விட்டு நழுவி என் முழங்காலில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் இந்த வலி. நான்காம் முறை பொரித்த மீன், முள்ளை நானே எடுத்துக் கொடுத்தேன். இத்தனையும் செய்தவன் ஐந்தாம் முறை விஷயத்தைக் கேட்கக் கூடாதா? கேட்டேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

“உஸ்தாத் ஃபிக்ரி, நீங்க ரொம்ப நல்ல மனுஷர். ஆனா நமக்கு நஸீப் இல்ல.”

நஸீப் இல்லை, தலையெழுத்தில் இல்லை! நம் ஜனங்கள் இந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு யாரும் காரணம் கேட்பதில்லை. பெண் வீட்டாரும் சொல்வார்கள், பிள்ளை வீட்டாரும் சொல்வார்கள், கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு, பழரசத்தைக் குடித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அறுபது வருடமாக இதை நானும் பார்த்து வருகிறேன். ஆனால் அன்று என்னால் தலையை ஆட்ட முடியவில்லை.

“நஸீப் இல்லன்னு யார் சொன்னது? எந்த விதிப்படி?” என்று கேட்டேன்.

“விதியெல்லாம் இல்ல உஸ்தாத். உங்ககிட்ட ஒரு குறையும் இல்ல. உங்களப் பாக்கறப்ப எனக்கு ஒண்ணும் ஆகல. அவ்வளவுதான்.”

“என்ன ஆகணும்?”

“அத எப்படிச் சொல்றது? எங்க வீட்டுக்காரர் ஸக்கரிய்யா இருந்தாரே, அவரு படியேறி வர்ற சத்தம் கேட்டாலே எனக்கு முட்டி கழண்டுக்கும்.”

“எனக்கும் முட்டி கழண்டுதான் இருக்கு, உங்க சிலிண்டரால” என்றேன். சிரித்துவிட்டார். அந்த இடைவெளி தெரிந்தது. ஒரு மனிதனிடம் இல்லை என்று சொல்கிற நேரத்தில் அதைக் காட்டுவது எந்த ஊர் நியாயம்?

சிரித்து முடித்துவிட்டுச் சொல்கிறார்: “சிலிண்டருக்கு ரொம்ப நன்றி உஸ்தாத். ஆனா சிலிண்டர் தூக்கினவருக்கெல்லாம் கழுத்த நீட்டணும்னா, இந்த இருவது வருஷத்துல கேஸ்காரங்க எத்தன பேர நான் கட்டியிருக்கணும்?”

வீட்டுக்கு வந்து ஒரு படிவம் தயாரித்தேன். பத்துத் தலைப்பு, தலைப்புக்குப் பத்து மார்க். உடல்நலம், ஒழுக்கம், பென்ஷன், வீடு, சமையல், நகைச்சுவை, பிறர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டல், பாரம் தூக்குதல் என்று எதையும் விடவில்லை. தோற்றத்துக்கு அடக்கமாக ஆறுதான் போட்டுக்கொண்டேன், நகைச்சுவைக்கு ஐந்து. மொத்தம் எண்பத்தேழு வந்தது. சரி, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே என்று அந்த ஸக்கரிய்யாவுக்கும் கூட்டினேன். இந்த அம்மாள் நான்கு சந்திப்பில் தானாகச் சொன்னதை மட்டும்தான் எடுத்துக்கொண்டேன், வெளி விசாரணை கிடையாது. நிலையான வேலை இல்லை. நாள் முழுக்கச் சீட்டாட்டம். கல்யாண நாளை இருபத்தாறு வருடத்தில் இருபத்தைந்து தடவை மறந்தார். ஒருமுறை சோப்பு வாங்கப் போனவர் மூன்று நாள் கழித்து ஒரு கிளியோடு வந்தார், சோப்பு வரவில்லை. எப்படித் தாராளமாகப் போட்டாலும் நாற்பத்தொன்றுக்கு மேல் ஏறவில்லை. நாற்பத்தொன்றுக்கு எங்கள் அலுவலக வாசலில் நிற்கக்கூட விட மாட்டோம், தஹானி. அந்த மனிதருக்கு இருபத்தாறு வருடம் இடம் கிடைத்திருக்கிறது. எண்பத்தேழு வெளியே நிற்கிறது. இறந்தவரைப் பற்றித் தவறாகப் பேசக் கூடாது, இறைவன் அவருக்கு அருள் புரியட்டும். ஆனால் கூட்டல் கூட்டல்தானே?

ஆகவே மனு எழுதினேன். பெறுநர் மதாம் தவ்லத் அவர்கள், பொருள் மறுகூட்டல் கோருதல், மார்க் எண்ணிலும் எழுத்திலும், இடது மூலையில் ஸ்டாம்ப். வீட்டு மணியை அடிக்க என் மரியாதை இடம் தரவில்லை. காலை ஒன்பதரைக்குக் காய்கறி வண்டி வரும்போது அவர் பால்கனியிலிருந்து கயிற்றில் கூடை இறங்கும் என்பது எனக்குத் தெரியும். போய் நின்றேன். கூடை இறங்கியது. மனுவை வைத்தேன். அதை வண்டிக்காரர் அத்வா கையில் எடுத்துவிட்டார்.

“என்ன உஸ்தாத் இது, கரன்ட் பில்லா?”

“மனு. வை உள்ளே.”

வைக்கவில்லை. படித்தார். பிறகு வெள்ளரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்களுக்காகச் சத்தம் போட்டும் படித்தார். “பாரம் தூக்கறதுக்குப் பத்துக்குப் பத்தா? ரெண்டாவது மாடில கீழ போட்டீங்களாமே?” என்று ஒருத்தி கேட்டாள். வாசற்காவலரை நான் பிறகு கவனித்துக்கொள்கிறேன். அத்வா மனுவை மடித்துத் தக்காளிக்கு மேல் பத்திரமாக வைத்தார்.

“நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க உஸ்தாத். இந்த அம்மா தக்காளிய நாலு தடவ திருப்பி அனுப்புவாங்க. நல்ல தக்காளிதான், எம் புள்ளைங்க மேல சத்தியமா. ‘புடிக்கல அத்வா’ம்பாங்க. நானும் சரின்னு வேற வீட்டுக்குக் குடுத்துடுவேன்.”

“அப்ப நான் தக்காளியா?”

“சேச்சே. தக்காளி மனு போடறதில்லீங்க.”

கூடை மேலே போனது. இரண்டு பெண்களும் சிரித்த சிரிப்பில் வெள்ளரிக்காய் எடை தப்பிப்போய் அத்வா இரண்டாவது முறை நிறுத்தார்.

முந்தாநாள் ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பும்போது அதே கூடை என் தலைக்கு நேரே இறங்கி நின்றது. உள்ளே இரண்டு எலுமிச்சம்பழம், அவற்றின் கீழே என் படிவம், முழுக்கச் சிவப்பு மை. தோற்றத்துக்கு நான் போட்ட ஆறை அடித்து எட்டு. நகைச்சுவைக்கு ஐந்தை அடித்து ஒன்பது. காது கொடுத்துக் கேட்டலுக்கு நான் போட்டிருந்த பத்தை அடித்து ஆறு, பக்கத்தில் ஒரு குறிப்பு: ‘இது பத்தாக இருந்திருந்தால் இந்த மனு வந்திருக்காது.’ அடியில் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்:

‘மறுகூட்டலில் இரண்டு மார்க் கூடியுள்ளது. மொத்தம் எண்பத்தொன்பது. மனமார்ந்த வாழ்த்துகள். ஆனால் ஒரு சந்தேகம், உஸ்தாத். என் மகன் கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது உங்கள் அலுவலகப் படிவத்தில் முதலில் கேட்டது மார்க்கை அல்ல, அவனுடைய விருப்பங்களை. மருத்துவத்துக்குப் போதுமான மார்க் அவனிடம் இருந்தது. அவன் அதை எழுதவில்லை, இசை என்று எழுதினான். நீங்களும் இசையைத்தான் கொடுத்தீர்கள். மருத்துவத்தை ஏன் எழுதவில்லை, அதில் என்ன குறை கண்டாய் என்று உங்கள் அலுவலகத்தில் யாரும் அவனைக் கேட்கவில்லையே? எலுமிச்சை நல்ல சாறுள்ளது, மீனுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.’

கேட்கவில்லைதான். கேட்கிற வழக்கம் இல்லை. ஆனால் இது ஒரு வாதமா, நீயே சொல்! வேண்டாம் என்று விடப்பட்ட மருத்துவக் கல்லூரிக்கு முழங்கால் வலி கிடையாது. மருத்துவக் கல்லூரி எட்டு வருடமாகத் தனியாக உட்கார்ந்து தேநீர் குடிக்கவில்லை. அது ஜோக்குகளை மனப்பாடம் செய்யவில்லை. இதையெல்லாம் ரவானிடம் சொல்லிப் புலம்பினேன். ஆறுதல் சொல்வாள் என்று பார்த்தால், மீன் முள்ளை எடுத்துக்கொண்டே கேட்கிறாள்: “மாமா, இஹ்ஸான் அத்தைக்கு எத்தன மார்க் போடுவீங்க?”

வாயை மூடு என்றேன். இஹ்ஸானை எனக்கு நம் அம்மா பார்த்தாள், அவர்கள் வீட்டுக் கூடத்தில் நான் ஒரு கிளாஸ் மாதுளைச் சாறு குடித்தேன், அதோடு முடிந்தது விஷயம். அவளுக்கு நான் ஒருநாளும் மார்க் போட்டதில்லை. சமையலில் உப்பு தூக்கலாக இருக்கும். என் சட்டைகளை வெயிலில் காயப்போட்டு நிறம் போக்கிவிடுவாள். நான் பேப்பர் படிக்கும்போதெல்லாம் பேச ஆரம்பிப்பாள். கூட்டினால் பாஸ் ஆவாளோ என்னவோ. நான் கூட்ட மாட்டேன், யாரும் கூட்டவும் விட மாட்டேன்.

ஆனால் அது வேறு விஷயம், இது வேறு விஷயம். ஆகவே கடைசி மேல்முறையீடாக உன்னிடம் வருகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை நீ இங்கே வந்து, பெண்ணுக்குப் பெண் மதாம் தவ்லத்தோடு உட்கார்ந்து பேசி, அவரிடமிருந்து ஒரு காரணம் வாங்கித் தர வேண்டும். எழுத்தில் இருந்தால் நல்லது. ‘ஒண்ணும் ஆகல’ என்பது காரணமாகாது. ஆளாளுக்கு எனக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கிளம்பிவிட்டால் நல்ல மார்க் எடுத்தவர்கள் கதி என்ன? தகுதி உள்ள ஒரு மனிதரை வேண்டாம் என்று சொல்கிறவர் அதற்குத் தக்க காரணம் சொல்லியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஏற்றுக்கொள்ள வேண்டும். இது என் உறுதியான கொள்கை. கையெழுத்துப் போட்டே தருகிறேன்.

இறைவன் உன் வீட்டில் ரொட்டிக்கும் சிரிப்புக்கும் குறை வைக்காமல் இருக்கட்டும். மச்சானுக்கு என் ஸலாம். வரும்போது வறுத்த கொண்டைக்கடலையும் எள் மிட்டாயும் கொண்டுவா. போன முறை கொண்டுவந்த மிட்டாய் பழசு. இதை மச்சானிடம் சொல்லாதே, அவர் கடையில் வாங்கியதுதான்.

இப்படிக்கு,
நியாயத்தைத் தவிர வேறெதையும் கேட்காத உன் அண்ணன்
ஃபிக்ரி (எண்பத்தொன்பது)

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் ரவான் வந்தாள். பையிலிருந்து ஓர் உறையை எடுத்து நீட்டிவிட்டு, அடி விழுந்தால் ஓடுவதற்கு வசதியாகக் கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டாள். “சனிக்கிழம டான்டாலேர்ந்து கிளம்பறப்ப இப்திஹால் அத்தை குடுத்தாங்க, மாமா. நீங்க மனு போட்ட கதைய நான்தான் அவங்ககிட்ட சொன்னேன். சிரிப்பாங்கன்னு நெனச்சேன். அவங்க ஸ்டாம்ப் எங்க கிடைக்கும்னு கேட்டாங்க.”

தலைமை ஆசிரியையாக இருந்தவர் எழுத்து, அச்சடித்த மாதிரி இருக்கிறது. ஸ்டாம்பை என்னைவிட நேராக ஒட்டியிருக்கிறார். பெறுநர் நான். பொருள்: பதில் கோருதல். அதே பத்துத் தலைப்பு, மொத்தம் தொண்ணூற்று நான்கு. நீ கேட்டாயே, அவளிடம் என்ன குறை என்று. நான்கு முறை கூட்டிப் பார்த்தேன். குறை இல்லை, தஹானி. சமையலுக்கு ஒன்பதுதான் போட்டிருக்கிறார், அந்த வாத்துக்குப் பத்தே போடலாம், ஆக தொண்ணூற்றைந்து. ஒரு காரணம் கிடைக்காதா என்று என் தலைக்குள் மூலை முடுக்கெல்லாம் தேடிப் பார்த்தேன். கிடைத்தது ஒன்றே ஒன்றுதான்: ஒண்ணும் ஆகல. காரணமே ஆகாது என்று மேலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேனே, அதேதான்.

அதற்கும் கீழே வேறு மையில் சில வரிகள் இருந்தன. அப்படியே எழுதுகிறேன். ‘பழக்க தோஷத்தில் உங்களுக்கும் மார்க் போட்டுப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு வந்தது. சாப்பிடும்போது நீங்கள் ஒருவரே பேசினீர்கள், தட்டைச் சமையலறைக்குக் கொண்டுவரவில்லை, என் பெயரை இரண்டு முறை மாற்றிச் சொன்னீர்கள். ஆனாலும் அன்று நீங்கள் படியேறி வரும் சத்தம் கேட்டபோது என் கையிலிருந்த உப்புக் கிண்ணம் கீழே விழுந்தது, ஏன் என்று எனக்கே தெரியவில்லை. என் விருப்பப் பட்டியலில் முதல் வரியில் உங்களைத்தான் எழுதியிருக்கிறேன். அதற்காக நீங்கள் எனக்கு எதுவும் தர வேண்டியதில்லை, காரணம்கூட வேண்டாம். இல்லை என்றால் இல்லை என்று சொல்லிவிடுங்கள். மூன்று வாரம் காக்க வைத்தீர்களே, அது ஒன்றுதான் நியாயமில்லை.’

ஐம்பத்தெட்டு மார்க்குக்கு எனக்கு யாரும் முதல் வரி கொடுத்ததில்லை, தஹானி. என் காலடிச் சத்தத்துக்கு யார் கையிலிருந்தும் எதுவும் விழுந்ததில்லை, இதுவரை விழுந்தது நான் போட்ட சிலிண்டர் மட்டும்தான். கொஞ்ச நேரம் அழுதேன். ரவானிடம் வெங்காயம் என்று சொன்னேன். வீட்டில் வெங்காயம் இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

ஆகவே மேலே எழுதியது முழுக்க ரத்து. வெள்ளிக்கிழமை நீ வர வேண்டாம். மதாம் தவ்லத்திடம் யாரும் எதையும் கேட்க வேண்டாம். அவர் எனக்கு ஐந்து நிமிடத்தில் பதில் சொன்னவர், அதற்கு மேல் அவர் எனக்கு எதுவும் தர வேண்டியதில்லை, எலுமிச்சம்பழமே அதிகம். நான் நாளைக் காலை முதல் ரயிலில் டான்டா வருகிறேன். உன் நாத்தனார் வீட்டுப் படியேறி, எதிரில் உட்கார்ந்து, அவர் பெயரைச் சரியாகச் சொல்லி, இல்லை என்று சொல்லப் போகிறேன். நஸீப் மேல் பழி போட மாட்டேன். முன்கூட்டித் தகவல் இல்லாததால் வாத்து இருக்காது, அதுவும் நல்லதுதான். தண்ணீர் கொடுத்தால் குடித்துவிட்டு டம்ளரை நானே சமையலறைக்குக் கொண்டுபோவேன். இந்தக் கடிதம் வருவதற்குள் நானே வந்து சேர்ந்துவிடுவேன். ஆனாலும் தபாலில் போடுகிறேன், ஸ்டாம்ப் ஒட்டியாகிவிட்டது.

ரவான் என் முதுகுக்குப் பின்னால் நின்று இதைப் படித்துவிட்டுக் கேட்கிறாள்: “மாமா, இல்லன்னு சொல்லப் போறவரு எதுக்கு நாளைக்குன்னு மூணு சட்டைக்கு இஸ்திரி போட்டு வெச்சிருக்கீங்க?” நீ இதைப் படிக்கும்போது அந்தக் கேள்விக்குப் பதில் உனக்குத் தெரிந்திருக்கும். எனக்கு இன்னும் தெரியவில்லை.